கட்டுத்தரையில் இரண்டு முளை காலியாக இருக்கட்டும்

தை மாதக் கடைசி. விடியற்காலை நாலரை மணிக்குப் பால் வண்டிக்காரர் போன் பண்ணினார். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால காய்கறிக் கழிவு கொட்டற இடத்துல ஒரு கன்னுக்குட்டி கெடக்குதுங்க. தொப்புள்கொடி கூட இன்னும் காயலை. நாய் ரெண்டு சுத்திக்கிட்டு நிக்குது. சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தோம். கலப்பினக் காளைக்கன்று. பிறந்து இரண்டு நாள் இருக்கலாம். குளிரில் காது சில்லிட்டுப் போயிருந்தது. சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தோம். இது யார் வீட்டுக் கன்று என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஏன் கொண்டுவந்து போட்டார்கள் என்பது உழவர் எல்லோருக்கும் தெரியும்.

உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. தண்ணீர் இறைக்க மோட்டார், பாரம் ஏற்ற டெம்போ, சினைக்கு ஊசி. காளைக்கு வேலையே இல்லை. முப்பது கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளுக்கு மூன்று லிட்டர் பாலாவது வேண்டும். மூன்று மாதம் ஊட்டினால் 270 லிட்டர். இரண்டு மாடு வைத்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றி வயிறு கழுவுகிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அந்தக் குடும்பத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கன்றை அப்புறம் யார் வளர்ப்பது, எப்படி வளர்ப்பது என்பதில் ஏழு வருடமாக நாங்கள் பட்ட பாட்டையும் கற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரே கொட்டகை செய்த தவறு

தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கத்து உழவர்கள் நாங்கள். இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் பழகிய எட்டுப் பேர் சேர்ந்து, அடிபட்ட, கைவிடப்பட்ட மாடுகளுக்காக ஒரு சின்ன அமைப்பை ஆரம்பித்தோம். ஒருவர் தோட்டத்தில் பத்து மாடு கட்டுகிற அளவுக்குக் கொட்டகை போட்டோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். வைத்தியத்துக்கு அவர், தீவனத்துக்கு நாங்கள் என்று நினைத்தோம்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டினவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மாட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். "நீங்கதான் பாத்துக்குவீங்களே" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துப் போய்விடுவார்கள். பத்துக்கான இடத்தில் பத்தொன்பது நின்றன.

நெருக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கு உண்ணி வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஒரு கன்று கழிந்தால் மறுநாள் நான்கு கழியும். தெருவில் திரிந்த மாடுகளின் வயிற்றில் பிளாஸ்டிக் பை இருக்கும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு, அமிலம் ஏறி எழுந்திருக்க முடியாமல் வரும் மாடும் உண்டு. இப்படிப்பட்டவற்றைப் புதிதாக வந்த பால்குடிக் கன்றுகளோடு ஒரே இடத்தில் கட்டினோம். அந்தக் கோடையில் மூன்று கன்றுகளை இழந்தோம்.

தெருவில் விட்டிருந்தால் செத்திருக்கும், நாம் கொண்டுவந்ததால் கொஞ்ச நாள் கூட இருந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுவல்ல. அவை செத்தது எங்கள் கொட்டகை நோயால்.

பாட்டன் கையில் இருந்த வழி

அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "அந்தக் காலத்துல வாரத்துக்கு விடுவமே, அது மறந்து போச்சுங்களா?"

மறந்துதான் போயிருந்தது. மாடு அதிகம் இருப்பவர், கிடாரிக் கன்றை மாடு இல்லாத வீட்டில் வளர்க்கக் கொடுப்பார். தீனி, தண்ணீர், பராமரிப்பு அவர்களுடையது. ஈன்ற பிறகு பாலும் கன்றும், அல்லது விற்ற விலையும், பேசியபடி பங்காகும். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆட்டுக்கும் இதே முறை உண்டு. மாடு இல்லாதவருக்கு மாடு, ஆள் இல்லாதவருக்கு ஆள். எழுதின பத்திரம் எதுவும் கிடையாது.

நகரங்களில் நாய், பூனைக்கு வேலை செய்கிற அமைப்புகள் வளர்ப்பு வீடு என்ற முறையை வைத்திருக்கின்றன. அடிபட்ட குட்டியைக் காப்பகத்தில் அடைக்காமல், குணமாகும் வரை ஒரு வீட்டில் விடுவார்கள். மருந்துச் செலவு அமைப்பினுடையது, அன்பும் சோறும் அந்த வீட்டினுடையது. யோசித்துப் பார்த்தால் நம் வாரத்துக்குப் பக்கத்து வீடுதான் அது. இரண்டையும் சேர்த்து எங்களுக்கு ஏற்றபடி ஒரு முறையை அமைத்துக்கொண்டோம்.

மூன்று வகை வீடுகள்

முதலாவது, கன்று வீடு. பால்குடி மறக்கும் வரை, மூன்று மாதம் வளர்ப்பவர்கள். வீட்டோடு இருக்கும் பெண்களும் பெரியவர்களும்தான் இதற்குச் சரி. நாளுக்கு மூன்று வேளை, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், உடம்புச் சூட்டில் கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் நிறையக் கொடுத்தால் கழியும். சீம்பால் குடிக்காத கன்று என்றால் இன்னும் கவனம் வேண்டும், அதற்கு நோயைத் தாங்கும் சக்தி குறைவு. முதல் மாதத்திலேயே குடற்புழு மருந்தைத் தொடங்கி, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கிறோம். பாலை அமைப்பு வாங்கிக் கொடுக்கும்.

இரண்டாவது, வைத்திய வீடு. கால் முறிந்தது, புண் புழுத்தது, அறுவை செய்து வந்தது எல்லாம் இங்கே. மருந்து போடக் கை கூசாதவர்கள் வேண்டும். எங்களிடம் இப்படி நான்கு வீடுகள்தான் உண்டு. அவர்களைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, மேய்ச்சல் வீடு. இங்கேதான் எங்கள் பக்கத்துக் கொரங்காடு கைகொடுத்தது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, காங்கேயம் மாட்டுக்காகவே நம் முன்னோர் விட்டுவைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். மழை குறைந்தாலும் புல் வேர் சாகாது. வெள்வேலங்காய் உதிர்ந்தால் மாடும் ஆடும் பொறுக்கித் தின்னும். இன்று பல கொரங்காடுகளில் புல் இருக்கிறது, மாடு இல்லை. பையன் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டான், அப்பன் ஆத்தாள் மட்டும் இருக்கிறார்கள். பால் மாடு வைத்துக் கறந்து ஊற்ற அவர்களால் முடியாது. கறவை இல்லாத காளையையும் வயதான பசுவையும் பார்த்துக்கொள்ள முடியும். மேய்ந்துவிட்டுத் தானே தொட்டிக்கு வந்து தண்ணீர் குடிக்கும்.

சாணக் கணக்கு

"பால் கறக்காத மாட்ட வெச்சு என்ன பண்றதுங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இதழ் படிக்கிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வளர்ந்த நாட்டு மாடு ஒன்று நாளுக்குப் பத்து கிலோ அளவுக்குச் சாணம் போடும். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கான ஜீவாமிர்தம் தயார். பகலில் மேய்ச்சலில் விழுவது நிலத்துக்கே உரமாகிவிடும். ராத்திரிக் கட்டுத்தரையில் விழுவதை மட்டும் அள்ளினால்கூட, இரண்டு மூன்று ஏக்கர்க்காரருக்கு வெளியிலிருந்து இடுபொருள் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 250 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளுக்கு ஆறு கிலோவுக்கு மேல் உலர்தீவனச் சத்து வேண்டும். அவ்வளவையும் காசு கொடுத்து வாங்கினால் சாணத்தால் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. மேய்ச்சல் நிலமோ, சொந்தச் சோளத்தட்டோ, கடலைக்கொடியோ இருக்கிற வீட்டுக்குத்தான் கணக்குக் கட்டும். இது தெரியாமல், ஆசைப்பட்டுக் கேட்ட எல்லோருக்கும் முதலில் கொடுத்தோம். இரக்கம் மட்டும் இருந்து தட்டுப்போர் இல்லாத வீட்டில், நாலாவது மாதம் மாட்டுக்கு விலா தெரிய ஆரம்பித்துவிடும். இப்போது நாங்கள் வீட்டுக்காரரின் மனதைப் பார்ப்பதற்கு முன் போரைப் பார்க்கிறோம்.

காலியாக இருந்த முளை

இனி எழுதப்போவது எங்களுக்குப் பெருமை இல்லாத விஷயம். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பயனில்லை.

ஒரு காளைக்கன்று. கறுப்பு நிறம் என்பதால் காரி என்று கூப்பிட்டோம். எங்கள் குழுவில் உள்ள ஒரு அக்கா புட்டிப்பால் கொடுத்து மூன்று மாதம் வளர்த்தார். அதன் பிறகு கொரங்காடு வைத்திருந்த ஒரு அண்ணனிடம் விட்டோம். இரண்டரை வருடம் நன்றாக வளர்த்தார். பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் பூசிப் படம் அனுப்புவார்.

அந்த வருடம் இரண்டு மழையும் பொய்த்தது. சித்திரையில் கொரங்காட்டில் மண்தான் மிச்சம். அதே நேரம் அவர் மகன் வண்டியிலிருந்து விழுந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர் எங்களுக்கு மூன்று தடவை போன் செய்தார். "காரிய எடுத்துக்குங்க, என்னால முடியலை." எங்கள் கொட்டகை நிறைந்திருந்தது. மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னோம்: "இன்னும் ஒரு மாசம் பாத்துக்குங்கண்ணா." யாரும் நேரில் போகவில்லை.

நாலாவது வாரம் தட்டு ஏற்றிக்கொண்டு போனோம். முளை காலியாக இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மூணு வாட்டி கூப்புட்டனுங்க. அது எலும்பாப் போறதத் தெனமும் பாக்க முடியலீங்க. சந்தைக்கு ஓட்டிட்டேன்." வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். "இது என்ற காசில்லீங்க." வாங்க எங்களுக்கு மனசு வரவில்லை. மகன் வைத்தியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அந்த மாதக் கூட்டத்தில் பெரிய சண்டை. ஒப்படைத்த மாட்டை விற்றுவிட்டார், போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் நின்றார்கள். காரியைப் பால் கொடுத்து வளர்த்த அக்கா அதுவரை பேசவே இல்லை. கடைசியில் சொன்னார்: "அவுரு மூணு வாட்டி நம்மளக் கேட்டாரு. நாம ஒரு வாட்டியும் போகலை. யாரு மேல எழுதிக் குடுக்கறது?" அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மாற்றிக்கொண்டவை

அன்று முடிவு செய்தவற்றை இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். உங்கள் ஊரில் யாராவது இப்படி ஆரம்பிக்க நினைத்தால் உதவும்.

எந்த நேரத்தில் கேட்டாலும் ஏழு நாளுக்குள் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டோம். வளர்ப்பு வீட்டுக்கு நாம் கொடுக்கிற பெரிய உதவி இதுதான். "முடியலைன்னா திருப்பிக் குடுத்துக்கலாம்" என்ற தைரியம் இருந்தால்தான் ஆட்கள் முன்வருவார்கள்.

அதற்காகக் கொட்டகையில் எப்போதும் இரண்டு முளை காலியாக வைத்திருக்கிறோம். எவ்வளவு பரிதாபமான மாடு வந்தாலும், திரும்பி வரும் மாட்டுக்கான அந்த இடத்தில் கட்டுவதில்லை. மற்ற முளைகள் நிறைந்திருந்தால் புதியதை ஏற்பதில்லை. வேறு அமைப்பைக் கேட்கிறோம், அல்லது மாட்டுக்காரரிடமே தீவனம் கொடுத்துக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். முடியாது என்று சொல்வதுதான் இந்த வேலையில் கஷ்டம்.

புதிதாக வரும் மாடு 21 நாள் தனியாக நிற்கும். அதற்குள் குடற்புழு நீக்கம், உண்ணிக்கு மருந்து, கோமாரித் தடுப்பூசி எல்லாம் முடித்துவிடுவோம். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை போடச் சொல்கிறோம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். இந்த எண்ணை எல்லா வளர்ப்பு வீட்டுச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். வலிக்கு டைக்ளோபினாக் ஊசி வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறோம். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற மருந்து அது. 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டுப் போடலாம்.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுகிறோம். மாடு அமைப்பினுடையது. சாணம், கோமியம், உழைப்பு வளர்ப்பவருடையது. பசு ஈன்றால் கன்று குடித்தது போக மீதிப் பால் வளர்ப்பவருக்கு. முதல் கிடாரிக் கன்றும் அவருக்கே. மருந்துச் செலவு அமைப்புக்கு. விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. செத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும், பழி சொல்ல மாட்டோம்.

மாதம் ஒருமுறை நேரில் போகிறோம். மாட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து வீட்டு நிலவரம் கேட்கிறோம். மாட்டுக்கு வரும் கஷ்டம் முதலில் வீட்டுக்கு வரும் என்பதைக் காரி கற்றுக்கொடுத்தது.

காசும் காகிதமும்

சங்கமாகப் பதிவு செய்ய, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிய வேண்டும். பிறகு வருமான வரித் துறையில் அதற்கான ஒப்புதல் வாங்கினால் நன்கொடை தருபவர்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும். இவையெல்லாம் நல்லதுதான். ஆனால் நன்கொடையை மட்டும் நம்பி மாடு கட்டாதீர்கள். படம் போட்டால் ஒரு மாதம் பணம் வரும். மாடு பதினைந்து வருடம் தின்னும்.

எங்களைத் தாங்குவது அறுவடைத் தீவனம்தான். சோளம் அறுக்கும்போது ஏக்கருக்குச் சில கட்டு தட்டு, நெல் அறுக்கும்போது கொஞ்சம் வைக்கோல் என்று உழவர்கள் போட்டுவிடுகிறார்கள். அதைப் போர் போட்டு, மாசியிலிருந்து ஆனி வரை வளர்ப்பு வீடுகளுக்கும் பங்கிடுகிறோம். கொட்டகைத் தொழு உரத்தை விற்ற காசு மருந்துக்கு. உறுப்பினர் சந்தா பாலுக்கு. வரவு செலவை மாதக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கிறோம்.

நாய்க்குட்டிகளுக்கும் இதே முறைதான், சின்ன அளவில். தாய் அடிபட்டுச் செத்த குட்டிகளை இரண்டு மூன்று மாதம் ஒரு வீட்டில் வைத்து, தடுப்பூசி போட்டு, தோட்டக் காவலுக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம். வெறிநாய்க்கடி ஊசி போட்ட சீட்டு இல்லாமல் எந்தக் குட்டியும் போகாது. பெட்டைக் குட்டிக்குக் கருத்தடைச் செலவையும் நாங்களே ஏற்கிறோம். பெட்டை என்பதால்தான் தூக்கி வீசுகிறார்கள்.

உங்களால் முடிந்த ஒரு முளை

முன்பெல்லாம் ஊருக்கு ஊர் கொண்டித்தொழு இருந்தது. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்கள், தண்டம் கட்டி மீட்க வேண்டும். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான். அந்தக் காலத்தில் தண்டம் கட்டி மீட்க ஆள் வருவார்கள் என்று நம்பிச் சட்டம் போட்டார்கள். இன்று தெருவில் பிடிபடும் பல மாடுகளைத் தேடி யாரும் வருவதில்லை. அதைப் பெரிய பெரிய கொட்டகை கட்டித் தீர்க்க முடியாது என்பது எங்கள் அனுபவம். நூறு மாட்டை ஒரே இடத்தில் கட்டினால் நூறு மாட்டுக்கும் கஷ்டம். நூறு தோட்டத்தில் ஒவ்வொன்று நின்றால் நூறு தோட்டத்துக்கும் எரு.

காரியை விற்ற அண்ணன் மகன் குணமாகி வேலைக்குப் போகிறான். அடுத்த வருடம் ஐப்பசி மழையில் கொரங்காடு பச்சை பிடித்தது. அவரே போன் பண்ணினார். "இன்னும் எம்மேல நம்பிக்கை இருந்தா ஒண்ணு குடுங்க." குடுத்தோம். இப்போது அவரிடம் எங்கள் மாடு இரண்டு நிற்கின்றன. கோடையில் அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே தட்டு போய்விடுகிறது.

பஸ் ஸ்டாண்டில் கிடந்த கன்று இப்போது அதே அக்கா வீட்டில்தான் இருக்கிறது. "இனிமே கன்னு வளத்தமாட்டேன்" என்று சொல்லி இரண்டு வருடம் எதையும் வாங்காதவர், அன்று காலையில் சாக்கோடு நாங்கள் போய் நின்றதும் ஒன்றும் சொல்லாமல் பால் காய்ச்சப் போய்விட்டார். ஆனி மாதம் பால் மறந்துவிடும். ஆடியில் அதற்கு ஒரு மேய்ச்சல் வீடு வேண்டும். உங்கள் தோட்டத்தில் புல்லும் தண்ணீரும் இருந்து, ஒரு முளை காலியாக இருந்தால், உங்கள் பகுதியில் இந்த வேலை செய்கிறவர்களைத் தேடிச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு நீங்களே ஆரம்பியுங்கள். கொட்டகை போடுவதற்கு முன்னால் வீடுகளைத் தேடுங்கள். திரும்பி வரும் மாட்டுக்கென்று இரண்டு முளையை முதல் நாளே அடித்துவிடுங்கள்.